பத்து நிமிடம் போதும்: தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குத் துணை நிற்பது எப்படி?



தம்போயில் விடியற்காலை நான்கு மணிக்கே பல வீடுகளில் விளக்கு எரிகிறது. அப்பா மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் புறப்படுகிறார். சில வீடுகளில் அம்மாவும் தொழிற்சாலை பஸ்ஸுக்காக வாசலில் நிற்கிறார். பிள்ளை கண் விழிக்கும்போது பாட்டி மட்டும்தான் வீட்டில். இரவில் அப்பா திரும்பும்போது பிள்ளை தூங்கிவிடுகிறது. இன்று என்ன படித்தாய் என்று கேட்க நேரம் எங்கே?

1924-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் இந்த வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. பிள்ளையோடு இருக்க வேண்டிய நேரத்தையும் அதுவே எடுத்துக்கொள்கிறது. 2014 முதல் 2024 முடியும் வரை ஜொகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை இல்லை, ஆனால் பிள்ளைக்குப் பள்ளி உண்டு. 2025 ஜனவரி 1 முதல் மாநில விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறாக மாறியது. பல வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கிடைத்திருக்கிறது. அந்த நாளையும் மற்ற நாள்களில் கிடைக்கும் பத்து நிமிடத்தையும் எப்படிப் பயன்படுத்துவது என்பதே இன்றைய பேச்சு.

தேர்வு போனது, பொறுப்பு போகவில்லை

1988-இல் தொடங்கிய யுபிஎஸ்ஆர் தேர்வு, கோவிட் காரணமாக 2020-இல் நடக்கவில்லை. 2021-இல் அது அகற்றப்பட்டது. பிள்ளைகளின் தலையிலிருந்து ஒரு சுமை இறங்கியது உண்மை. ஆனால் அந்தத் தேர்வு வீட்டுக்கு ஓர் எச்சரிக்கை மணியாகவும் இருந்தது. இப்போது அந்த மணி அடிப்பதில்லை. வாசிக்கத் தடுமாறும் பிள்ளை ஆறாம் ஆண்டு வரை சத்தமில்லாமல் போய், இடைநிலைப் பள்ளியில் போய் விழித்துக்கொண்டு நிற்கலாம்.

வகுப்பறை மதிப்பீட்டில் பிள்ளையின் அடைவு 1 முதல் 6 வரையிலான நிலைகளில் குறிக்கப்படுகிறது. மூன்றாம் நிலைதான் குறைந்தபட்ச அளவு. அந்த அறிக்கையை வாங்கும்போது, "என் பிள்ளை வகுப்பில் எத்தனையாவது?" என்று கேட்பதை விட்டுவிடலாம். "டீச்சர், இவனுக்கு எது வரவில்லை? வீட்டில் என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி ஆசிரியருக்கும் உற்சாகம் தரும்.

ஏன் தடுமாறுகிறது பிள்ளை?

தமிழில் 247 எழுத்து என்று சொன்னால் ஏழு வயதுப் பிள்ளை மிரண்டுபோகும். உயிர் 12, மெய் 18. இந்த முப்பதையும் சில குறிகளையும் நன்றாகப் பிடித்துக்கொண்டால் மற்றவை பெரும்பாலும் ஒரு முறைக்குள் வந்துவிடும். முறைக்கு அடங்காதது உகர, ஊகார வரிசைதான். கு, சு, டு, து, மு என ஒவ்வொன்றும் ஒரு வடிவம். ஆகவே கா, கி, கே வரிசைகளுக்கு ஒரு நாள் போதுமென்றால், கு, கூ வரிசைக்கு ஒரு வாரம் கொடுங்கள்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஒரே ஆண்டில் மூன்று மொழிகளில் எழுதப் பழகுகிறது. ரோமன் எழுத்தில் மூன்றாவது எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலாயில் 'சாவான்' என்று எழுதும்போது அதற்கு ஓர் ஒலி. ஆங்கிலத்தில் பூனையை எழுதும்போது அதற்குக் ககர ஒலி. தமிழ் வகுப்பிலோ, 'கல்' என்பதில் ஒரு விதமாக ஒலிக்கும் க, 'தங்கம்' என்பதில் வேறு விதமாக ஒலிக்கிறது. பிள்ளை குழம்பினால் அதற்குக் காரணம் இருக்கிறது. "மண்டையில் ஒன்றும் ஏறாது" என்று சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல்தான் முதலில் மண்டையில் ஏறும்.

பேச்சும் எழுத்தும் வேறாக இருப்பது அடுத்த தடை. வீட்டில் 'வந்துச்சி', புத்தகத்தில் 'வந்தது'. இதற்கு எளிய வழி உண்டு. அன்று நடந்த ஒன்றைப் பிள்ளை தன் பேச்சிலேயே சொல்லட்டும். அதை எழுத்துத் தமிழில் இரண்டு வரியாக எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தன் கதை என்பதால் அது ஆசையோடு வாசிக்கும். பேச்சைத் திருத்தி அவமானப்படுத்தத் தேவையில்லை.

மணலில் எழுதிய பாடம்

1789-இல் சென்னை எழும்பூரில் இராணுவத்தினரின் அநாதைச் சிறுவர்களுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியில் கொண்டுவரப் பார்த்தபோது ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. விவரம் தெரிந்த ஒரு சிறுவனிடம் சின்னப் பிள்ளைகளை ஒப்படைத்தார். அவன் கற்றுக்கொடுத்துக் காட்டினான். 1797-இல் பெல் இலண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பிரிட்டனெங்கும் பரவியது. திண்ணைப் பள்ளியின் மணலும் சட்டாம்பிள்ளையும் அங்கே பாடமுறை ஆயின.

இரண்டையும் இன்று வீட்டில் செய்யலாம். ஒரு தட்டில் மணலையோ அரிசியையோ பரப்பி, நாளுக்கு இரண்டு எழுத்து மட்டும் விரலால் எழுதச் சொல்லுங்கள். தப்பானால் தட்டை ஆட்டினால் போதும், அழிந்துவிடும். சிவப்பு மைக் கோடு கிடையாது, பயமும் கிடையாது. நான்காம் ஆண்டில் படிக்கும் அக்கா, முதலாம் ஆண்டுத் தம்பிக்கு வாசித்துக் காட்டட்டும். தம்பி கற்பான். சொல்லிக் கொடுக்கும் அக்காவுக்கும் பாடம் உறுதிப்படும்.

கணக்கு எங்கே இருக்கிறது?

எழுபது, எண்பது என்று எண்ணிக்கொண்டு வரும் பிள்ளை அடுத்துத் 'ஒன்பது' என்பதை வைத்து ஏதோ சொல்லும். ஏனென்றால் தமிழில் அங்கே 'தொண்ணூறு' வந்துவிடுகிறது. மலாயில் 'செம்பிலான் பூலோ' என்று ஒழுங்காகப் போகும். ஆகவே எண்பதிலிருந்து நூறு வரை தனியாகப் பழக்க வேண்டும். ஐஸ்கிரீம் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டில் கட்டிவைத்தால், 99 என்பது ஒன்பது கட்டும் ஒன்பது குச்சியும் என்று கண்ணுக்கே தெரியும்.

பசார் மாலாமுக்குப் போகும்போது ஐந்து வெள்ளியைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். மூன்று வெள்ளி இருபது காசுக்குப் பலகாரம் வாங்கினால் மீதி எவ்வளவு என்று அதுவே எண்ணி வாங்கட்டும். பின்னால் நிற்பவர் அவசரப்பட்டால் பரவாயில்லை, சிரித்துக்கொள்ளலாம்.

வகுப்பறையில்

ஆசிரியர்களுக்கு மூன்று யோசனைகள். முதலாவது, இருபது பேர் உள்ள வகுப்பில் ஒரு நாளைக்கு நான்கு பிள்ளைகளை ஐந்து ஐந்து நிமிடம் தனியாக வாசிக்கக் கேட்டால், ஐந்து நாளில் ஒருவர்கூட விடுபடமாட்டார்கள். குறிப்பேட்டில் ஆளுக்கு ஒரு வரி எழுதினால் போதும்.

இரண்டாவது, கேள்வி கேட்டபின் காத்திருப்பது. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்தார். ஆசிரியர்கள் ஒரு வினாடி அளவே காத்திருந்து அடுத்தவரிடம் போனார்கள். மூன்று வினாடி காத்திருந்தபோது பதில்கள் நீண்டன. வாய் திறக்காத பிள்ளைகளும் பேசின.

மூன்றாவது, ஒரு கட்டுரையில் எல்லாப் பிழையையும் திருத்த வேண்டியதில்லை. இந்த வாரம் ல, ள, ழ மட்டும். அடுத்த வாரம் ர, ற. தாள் முழுக்கச் சிவப்பாக இருந்தால் பிள்ளை எதையும் பார்ப்பதில்லை.

முதலில் வயிறு, கண், தூக்கம்

காலைப் பசியோடு வரும் பிள்ளைக்கு எந்த முறையும் பலிக்காது. வசதி குறைந்த பிள்ளைகளுக்கு அரசாங்கத்தின் துணை உணவுத் திட்டம் இருக்கிறது. வெட்கப்படாமல் பள்ளியில் விண்ணப்பியுங்கள். புத்தகத்தை மூக்கருகில் வைத்து வாசித்தால், கரும்பலகையைப் பார்த்துத் தப்பாக எழுதினால், முதலில் கண்ணைச் சோதியுங்கள். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காதையும் பார்க்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் ஆண்டிலும் எழுத்துகளைத் திருப்பியே எழுதினால் பிரம்பை எடுக்காதீர்கள். ஆசிரியரிடம் பேசி மருத்துவரின் ஆலோசனையைப் பெறுங்கள். இரவு கைத்தொலைபேசியை ஒன்பது மணிக்கு வாங்கி வைத்துவிடுங்கள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தாலும்

அதே கைத்தொலைபேசிக்கு ஒரு நல்ல வேலையும் உண்டு. மாலையில் பிள்ளை ஒரு பக்கம் வாசிக்கட்டும். பாட்டி வாட்ஸ்அப்பில் அதைப் பதிவு செய்து அனுப்பட்டும். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கத் தெரியும், அதுவே பெரிய துணை. மறுநாள் சிங்கப்பூரில் சாப்பாட்டு வேளையில் அப்பா அதைக் கேட்டுவிட்டு, "நல்லா வாசிச்சேய்யா. அந்த யானைக் கதை அப்புறம் என்ன ஆச்சு?" என்று குரலில் பதில் அனுப்பினால் போதும். யானைக்கு என்ன ஆயிற்று என்று சொல்வதற்காகவே பிள்ளை அன்று மாலை அடுத்த பக்கத்தைத் திறக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் புத்தகத்தை இருவரும் ஒன்றாக உட்கார்ந்து முடியுங்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். வளைப்பதற்குக் கை பக்கத்தில் இருக்க வேண்டும். அது முடியாத நாள்களில் குரலாவது பக்கத்தில் இருக்கட்டும்.