புவியியலில் டாக்டர் பட்டம் எதற்காக?

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட் பகுதியில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை



நான் பி.எஸ்ஸி. படித்துவிட்டு மத்திய அரசில் சேர்ந்து, ஃபைல்களோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். பேராசிரியர் அல்ல. ஆனாலும் இந்தத் தலைப்பை நானே கேட்டு வாங்கிக் கொண்டேன். நம் வீட்டுக் குழந்தை ஒன்று, "நான் இயற்கைப் புவியியலில் பி.எச்.டி. பண்ணப் போறேன்" என்று சொன்னால் வீட்டில் ஒரு நிமிஷம் பேச்சு மூச்சு இருக்காது. அப்புறம் பாட்டி கேட்பாள், "மேப் வரையறதுக்கா இத்தனை வருஷம்?" அம்மா கேட்பாள், "கல்யாணம் எப்போ?" அப்பா கேட்பார், "சம்பளம் எவ்வளவு வரும்?" மூன்றும் நியாயமான கேள்விகள். வரிசையாகப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் பாட்டிக்கு. வாழைப்பூவுக்கும் முருங்கைக்காய்க்கும் நாம் இந்த மார்க்கெட்டுக்கு வருகிறோம். எதிரே தில்லி ஹாட், 1994-ல் திறந்தது. அது ஒரு நாலாவை மூடி, அதன் மேல் அமைந்த இடம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதற்குக் குஷக் நாலா என்று பெயர். ஆரவல்லி மலைத் தொடரின் வடகோடிதான் தில்லியின் ரிட்ஜ். அங்கே பெய்கிற மழை கிழக்கே சரிந்து, இந்த வழியாகப் பாராபுலா நாலாவில் சேர்ந்து யமுனைக்குப் போகிறது. 2018-ல் ஐ.என்.ஏ. வரை நீட்டிய பாராபுலா மேம்பாலமும் இந்த நாலாவை ஒட்டித்தான் வருகிறது. நிஜாமுதீன் பக்கத்தில் ஜஹாங்கீர் காலத்துப் பழைய பாலம் ஒன்று பதினொரு வளைவுகளோடு நிற்கிறது. சாக்கடைக்கு யாராவது பதினொரு வளைவில் பாலம் கட்டுவார்களா? அன்று அது ஓடையாக இருந்திருக்கிறது.

அந்த ஓடையில் எவ்வளவு நீர் ஓடியது? ரிட்ஜில் விழும் மழையில் இன்று எத்தனை பங்கு மண்ணுக்குள் இறங்குகிறது, எத்தனை பங்கு தெருவில் நிற்கிறது? இந்தக் கேள்விகளுக்குப் பழைய சர்வே வரைபடம், செயற்கைக்கோள் படம், மண் மாதிரி, மழை அளவு ஆகியவற்றை வைத்துக் கொண்டு பதில் தேடுவதுதான் இயற்கைப் புவியியல் ஆராய்ச்சி. ஒரு மணல் துகள் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்றுகூட இன்று பரிசோதனைச் சாலையில் கணக்கிடுகிறார்கள். நதி எந்தக் காலத்தில் எங்கே ஓடியது என்பது அதிலிருந்து தெரிய வரும்.

இதனால் என்ன பிரயோஜனம் என்றால், 2023 ஜூலையில் யமுனை பழைய ரயில் பாலத்தில் 208.66 மீட்டர் தொட்டது. 1978-ல் 207.49 மீட்டர் வந்ததுதான் அதற்கு முந்தைய உச்சம். 2015-ல் சென்னையில் அடையாறு வீடுகளுக்குள் புகுந்தது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலையே சரிந்து முண்டக்கை, சூரல்மலை கிராமங்களை அழித்தது. எந்தச் சரிவில் வீடு கட்டலாம், எதில் கூடாது என்று சொல்ல ஆராய்ந்து படித்த ஆள் வேண்டும்.

ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை ஒரு மாநிலத்துக்கே பெயர் கொடுத்திருக்கிறது. ஷிப பிரசாத் சாட்டர்ஜி என்ற வங்காளப் பேராசிரியர், ஷில்லாங் பீடபூமியைப் பற்றி 1936-ல் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு சமர்ப்பித்தார். மேகங்கள் வந்து தங்கும் இடம் என்பதால் மேகாலயா என்று சம்ஸ்கிருதத்தில் பெயர் வைத்தார். 1972 ஜனவரி 21 அன்று முழு மாநிலமானபோது அதன் பெயர் மேகாலயா. அவரே 1956-ல் தேசிய அட்லஸ் அமைப்பைத் தொடங்கினார். சர்வதேசப் புவியியல் ஒன்றியத்துக்கு 1964 முதல் 1968 வரை தலைவராகவும் இருந்தார். பாட்டிக்கு இதைச் சொல்லுங்கள்.

இனி அம்மாவுக்கு. யு.ஜி.சி.யின் 2022-ஆம் வருஷ விதிப்படி பி.எச்.டி.க்குக் குறைந்தது 3 வருஷம். பொதுவாக 6 வருஷத்துக்குள் முடிக்க வேண்டும். பெண்களுக்கு மேலும் 2 வருஷம் சலுகை உண்டு. பிரசவத்துக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாள் வரை விடுப்பும் உண்டு. கல்யாணமா படிப்பா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிர்ப்பந்தம் விதியில் இல்லை. நாம்தான் அதை வீட்டில் உண்டாக்குகிறோம்.

அப்பாவுக்கு. நெட் பரீட்சையில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். இது 2023 ஜனவரி முதல் அமலுக்கு வந்த தொகை. வீட்டு வாடகைப் படி தனி. நான்கு வருஷப் பட்டப் படிப்பில் 75 சதவீதம் வாங்கியவர் எம்.ஏ. இல்லாமலே நேராக விண்ணப்பிக்கலாம்.

ஒளிவு மறைவு இல்லாமல் மறுபக்கத்தையும் சொல்கிறேன். சாஃப்ட்வேர் சம்பளம் இதில் வராது. கல்லூரி ஆசிரியர் பதவி நிரந்தரமாக அமையப் பல வருஷம் ஆகலாம். வழிகாட்டி சரியாக அமையாவிட்டால் படிப்பு இழுத்துக் கொண்டே போகும். அதனால் பல்கலைக்கழகத்தின் பேரைப் பார்ப்பதற்கு முன், வழிகாட்டி எதில் ஆராய்ச்சி செய்கிறார், அவருடைய மாணவர்கள் எத்தனை வருஷத்தில் முடித்தார்கள் என்று விசாரியுங்கள். ஆற்றிலும் மலையிலும் வெயிலில் அலையப் பிடிக்காதவர்களுக்கு இது ஏற்ற படிப்பு அல்ல. பிடித்தவர்களை நிறுத்தி வைப்பதும் தர்மம் அல்ல.

நம் முன்னோர்கள் காவிரிக் கரையிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் அக்கிரஹாரம் வைத்தவர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு அந்தக் கணவாய் திறந்திருப்பதால்தான் தென்மேற்குக் காற்று கோயம்புத்தூர் வரை வீசுகிறது. அந்த மண்ணை விட்டு நாம் ஊர் ஊராக வந்துவிட்டோம். அதைப் படிக்க ஒரு குழந்தை திரும்பிப் போகிறேன் என்றால் சந்தோஷப்பட வேண்டாமா?

கடைசியாக, பல ஊர்களில் இதைப் படிக்கப் போகும் உறுப்பினர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆராய்ச்சி மாணவிக்குப் பெரிய கஷ்டம் வெளியூரில் தங்குவது. வரைபடத்துக்கு டேராடூன் போக வேண்டும், செயற்கைக்கோள் பயிற்சிக்கு ஹைதராபாத் போக வேண்டும், கள ஆய்வுக்கு ஷில்லாங்கோ வயநாடோ போக வேண்டும். நம்மிடம் பணம் குறைவாக இருக்கலாம். ஆனால் ஊருக்கு ஊர் வீடு இருக்கிறது. ஆராய்ச்சிக் குழந்தைகளுக்கு நாலு நாள் தங்க ஓர் அறையும், ராத்திரி ஒரு ரசம் சாதமும் கொடுக்கச் சம்மதிப்பவர்கள் தங்கள் பெயரை அந்தந்த ஊர்ச் செயலாளரிடம் பதிவு செய்யுங்கள். தில்லிப் பட்டியலில் முதல் பெயராக என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன்.