தொழிற்பேட்டையும் நமது பொறுப்பும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)



திருவள்ளூரை ஒட்டிக் காக்களூர் தொழிற்பேட்டையும், மாவட்டத்தின் வடகிழக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகமும் அமைந்துள்ளன. அங்கே வேலை கற்ற திருப்பாச்சூர் இளைஞர்கள் சொந்தப் பட்டறை வைக்க எண்ணும்போது, ஊரில் தனியாக வைப்பதா, பேட்டைக்குள் வைப்பதா என்ற கேள்வி எழுகின்றது. அதுபற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

ஒரே தொழில் ஓரிடத்தில் குவிந்தால் தேர்ந்த தொழிலாளர் எளிதில் கிடைப்பர். துணைத் தொழில்கள் அருகிலேயே வளரும். தொழில் நுணுக்கம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும். ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் ஆல்பிரட் மார்ஷல் 1890ஆம் ஆண்டிலேயே இதனை விளக்கினார். லேத் பட்டறை நடத்துவோர் இதை அனுபவத்தில் அறிவர். இயந்திரம் பழுதானால் மெக்கானிக் பக்கத்துத் தெருவிலிருந்தே வந்துவிடுவார். முலாம் பூசச் சரக்கை வெகுதூரம் அனுப்ப வேண்டுவதில்லை. மூலப்பொருள் அருகிலேயே கிடைப்பதால், கையிருப்பில் முடங்கும் முதலும் குறையும்.

ஆயினும், பேட்டைக்குள் இருப்பதனாலேயே இலாபம் வந்துவிடாது. வாடகை கூடும். நாம் பழக்கிய ஆளை அடுத்த பட்டறை அழைத்துக்கொள்ளும். ஒரே ஆர்டருக்குப் பலர் போட்டியிட்டு விலையைக் குறைப்பர். அனைத்திற்கும் மேலாக, ஒருவர் செய்யும் தவறு எல்லோர் தலையிலும் விழும்.

நம் சமுதாயத்தவர் பலர் ஈடுபட்டுள்ள பாலாற்றங்கரைத் தோல் தொழிலே இதற்குச் சான்று. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளில் கழிவுநீரால் நிலத்தடி நீரும் விளைநிலங்களும் கெட்டன. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றிற்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அன்று நம் பகுதி அடங்கியிருந்த செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் அவற்றுள் ஒன்று. சுத்திகரிப்பு வசதி இல்லாத ஆலைகள் இயங்கக் கூடாதென்றும் தீர்ப்பாயிற்று. சிறிய ஆலையொன்று தனித்துச் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது எளிதன்று. பலர் பங்குதாரர்களாகச் சேர்ந்து, அரசு மானியமும் பெற்று நடத்திய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களே அவர்களது தொழிலுக்குத் துணை நின்றன. அருகருகே இருந்ததால் வந்த துன்பத்தை, ஒன்றுகூடியதால் தாங்கினர்.

ஆகவே, பேட்டைக்குள் செல்லும் நம் இளைஞர்கள் அங்குள்ள உற்பத்தியாளர் சங்கத்தில் சேர்வார்களாக. இரும்பைக் கூட்டாக வாங்கினால் விலை குறையும். விலையுயர்ந்த சோதனைக் கருவியைப் பலர் சேர்ந்து வாங்கலாம். கழிவு எண்ணெயைக் கால்வாயில் விடாதீர்கள். ஜாப் ஒர்க் செய்து தந்தவருக்குக் கூலியைத் தாமதியாது கொடுங்கள். அவருடைய பட்டறை மூடப்பட்டால் நமது வேலையும் நின்றுவிடும். அண்டைப் பட்டறைக்காரரைப் போட்டியாளராக மட்டுமன்றி, கூட்டாளியாகவும் கருதுவோர்க்கே பேட்டையின் முழுப் பயன் கிட்டும்.