இரண்டு தீவு, ஒரு தமிழ்
(கீழ்புத்துப்பட்டில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த ஊர் முகாம்ல இருக்கிற ஈழத்து உறவுகள் ஏன் தங்கள் தீவை விட்டு வந்தாங்க? இன்னொரு தீவோட ஒப்பிட்டுப் பாருங்க, புரியும்.

1948-ல் இலங்கை விடுதலை பெற்றபோது சிங்கப்பூர் வெறும் காலனி. இலங்கையில் 1945-லேயே இலவசக் கல்வி வந்தாச்சு. சராசரி ஆயுளில் இன்னைக்கும் அது இந்தியாவுக்கு மேலதான். அப்புறம் எங்கே சறுக்கியது? 1956, சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம்.

சிங்கப்பூர் 1965-ல் தனிநாடானது. முக்கால்வாசிப் பேர் சீனர்கள். ஆனாலும் தமிழ் அங்கே ஆட்சிமொழி. முதல் வெளியுறவு அமைச்சர் ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்! 2022-ல் இலங்கை கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. பெட்ரோலுக்கும் கேஸுக்கும் மக்கள் வரிசையில் நின்றார்கள்.

சிங்கப்பூர் சொர்க்கம்னு சொல்ல வரல. அங்கே கூலி வேலைக்குப் போன நம்ம பசங்களைக் கேட்டா விடுதி அறையோட நெரிசலைச் சொல்வாங்க.

சரி, நம்ம நாடு? முகாமிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு இன்னும் குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே கிடையாது. அதைச் சேர்க்கச் சொல்லி உங்க எம்.பி.யைக் கேளுங்க. இந்த வாரமே கேளுங்க.