மின்தொகுப்பும் இணையவழித் தாக்குதலும்

(பயிற்சி அலுவலர்களுக்கும் மாணவர்களுக்கும் ஆற்றிய உரை)

2013ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் தென்மண்டல மின்தொகுப்பு ஏனைய மண்டலங்களோடு இணைந்தது. அன்று முதல் இந்தியா முழுவதும் ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் ஒற்றை மின்தொகுப்பாயிற்று. மிகை மின்சாரம் எவ்வழியாகப் பற்றாக்குறைப் பகுதியை அடைகிறதோ, அவ்வழியாகவே இடையூறும் பரவக்கூடும். 2012 ஜூலை 31 அன்று வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று மண்டலங்களும் ஒருசேர இருளில் மூழ்கின. அறுபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பரப்பு அது. தாக்குதல் எதுவும் அதற்குக் காரணமன்று. மின்தடங்களின் மிகைப்பளுவே காரணம். ஆயினும், தீங்கு எண்ணுவோர்க்கும் அது பாடமாகவே இருந்திருக்கும்.

எண்ணியதைச் செய்து காட்டியது உக்ரைனில் நிகழ்ந்த தாக்குதல். 2015 டிசம்பர் 23 அன்று அந்நாட்டின் மின்பகிர்மான நிறுவனங்கள் மூன்றில், இயக்குநர்களின் கண்ணெதிரிலேயே கணிப்பொறித் திரையில் சுட்டி தானாக நகர்ந்து, துணைமின்நிலையங்களை ஒவ்வொன்றாகத் துண்டித்தது. சுமார் 2,25,000 நுகர்வோர் மின்சாரம் இழந்தனர். புகார் பெறும் தொலைபேசிகளும் போலி அழைப்புகளால் அடைக்கப்பட்டன. இத்தனைக்கும் பகைவர் நுழைந்த வழி, பல மாதங்களுக்கு முன் அலுவலர்களுக்கு வந்த சாதாரண மின்னஞ்சல் இணைப்பு! எனினும் சில மணி நேரத்தில் விளக்குகள் மீண்டும் எரிந்தன. கணிப்பொறி கைவிட்டபோது, ஊழியர்கள் துணைமின்நிலையங்களுக்கு நேரில் சென்று சர்க்யூட் பிரேக்கர்களைக் கையால் இயக்கினர். தானியங்கி முறை முழுமை பெறாதிருந்தமையே அந்நாட்டுக்குத் துணை நின்றது எனலாம்.

இந்தியாவிலும் எச்சரிக்கை எழாமல் இல்லை. 2019 அக்டோபர் 29 அன்று, கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்பைத் தாக்குதல் இயலாது என்று அந்நிலையம் அறிவித்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், நிருவாகப் பணிக்கான கணிப்பொறி ஒன்றில் தீநிரல் காணப்பட்டதை ஒப்புக்கொண்டது. உலையின் கட்டுப்பாட்டு வலையமைப்பு தனித்து இருந்தமையால் அதற்குத் தீங்கு நேரவில்லை. இரண்டு அறிவிப்புகளுமே உண்மைதான். ஆனால் முதலாவதை மட்டும் படித்தவர் அமைதியாக உறங்கியிருப்பார்.

இத்தகைய தயக்கத்துக்குச் சட்டம் இன்று இடம் தருவதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70அ பிரிவின்கீழ், முக்கியத் தகவல் உள்கட்டமைப்பைக் காக்கும் தேசிய மையம் 2014இல் அமைந்தது. இணையவழி நிகழ்வுகளை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டுமென 2022 ஏப்ரலில் செர்ட்-இன் அமைப்பு ஆணையிட்டது. ஒரு மாநிலத்தில் கண்ட தீநிரலின் அடையாளத்தை அண்டை மாநிலம் அன்றே அறிந்தால்தான் ஒற்றைத் தொகுப்பைக் காக்க இயலும். ஆனால் தவற்றைத் தெரிவித்த அலுவலரே முதலில் விளக்கம் கேட்கப்படும் வழக்கம் நீடிக்கும்வரை, ஆறு மணி என்பது தாளில் மட்டுமே இருக்கும்.

எஞ்சுவது ஆள் பற்றிய வினா. தொலைவிலுள்ள துணைமின்நிலையங்களை இப்போது மையத்தில் அமர்ந்தே இயக்குகின்றனர். செலவு குறைகிறது, குறை கூற இடமில்லை. ஆனால் இணைப்பு அறுந்த இரவில் எந்த ஊழியர் எந்த நிலையத்துக்குச் செல்வார், சாவி யாரிடம் உள்ளது, கைமுறையில் இயக்க அவர் கடைசியாகப் பயின்றது எப்போது என்பவற்றுக்கு ஒவ்வொரு வட்ட அலுவலகத்திலும் எழுத்துமூலமான விடை இருத்தல் வேண்டும்.