கூலி பேசுவது குற்றமா?



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நமது உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பின் நேயர்களே! அண்மையில் ஒருநாள் அஸர் தொழுகை முடிந்த பின் ஓர் இளைஞர் என்னருகே வந்து அமர்ந்தார். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நான்கு வருடமும் எட்டு மாதமும் வேலை செய்தவர். அடிப்படைச் சம்பளம் மாதம் 60,000 ரூபா. வேறொரு நிறுவனம் அவரை நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருந்தது. அங்கே இப்போதைய சம்பளத்தையும் எதிர்பார்க்கும் சம்பளத்தையும் கேட்பார்கள்.

"ஹஸ்ரத், இப்போது 85,000 எடுப்பதாகச் சொல், அப்போதுதான் ஒரு இலட்சம் தருவார்கள் என்கிறார்கள் கூட்டாளிமார். உம்மாவோ, மகன், கேட்டு வாங்குவது அழகில்லை, ரிஸ்க் அல்லாஹ்வின் கையில், தருவதை எடுத்துக்கொள் என்கிறார். நான் யார் சொல்லைக் கேட்பது?" என்றார்.

கூட்டாளிமார் அவருக்குப் பொய்யைக் கற்றுக்கொடுத்தார்கள். தாயாரோ நல்ல எண்ணத்தோடுதான் என்றாலும் மௌனத்தைக் கற்றுக்கொடுத்தார். இவ்விரண்டுக்கும் இடையில் மார்க்கம் காட்டும் பாதை ஒன்று உண்டு.

அதைச் சொல்லுமுன் என் குறையொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அரபுக் கல்லூரியில் ஓதிப் பட்டம் பெற்று, ஓரிடத்தில் கற்பித்துக் கொண்டிருந்த நான், இன்னோரிடத்திற்கு அழைக்கப்பட்டேன். நிர்வாகிகள், "மௌலவி, உங்களுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டோம்" என்றார்கள். நான் வெட்கத்தால் தலையசைத்து விட்டேன். மாத முடிவில் கைக்கு வந்த தொகை, நான் விட்டு வந்த சம்பளத்தைவிடக் குறைவாக இருந்தது. அவர்கள் வாக்கு மாறவில்லை. ஏனெனில் எந்தத் தொகையும் பேசப்படவே இல்லை. ஆயினும் பல மாதங்கள் அவர்கள் மீது என் உள்ளத்தில் கசப்பு இருந்தது. வேடிக்கை யாதெனில், அதே காலத்தில்தான் மாணவர்களுக்கு ஃபிக்ஹு நூலில் இஜாரா பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். வேலையும் தெளிவாக இருக்க வேண்டும், கூலியும் தெளிவாக இருக்க வேண்டும் என்பதுதான் அப்பாடத்தின் முதல் விதி! பாடத்தில் நான் சொன்னதை என் வாழ்வில் நான் செய்யவில்லை.

சகோதரர்களே! நபி மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகருக்கு வந்த வரலாற்றை அல்கஸஸ் அத்தியாயத்தில் காண்கிறோம். கையில் ஏதுமின்றி, அஞ்சி ஓடி வந்தவர் அவர். இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டிவிட்டு நிழலில் ஒதுங்கி அல்லாஹ்விடம் மட்டுமே கையேந்தினார். அந்த உதவிக்கு அவர் கூலி கேட்கவில்லை. ஆனால் அப்பெண்களின் தந்தை அவரை வேலைக்கு அமர்த்த விரும்பியபோது நடந்தது என்ன? எட்டு வருடம் வேலை, பத்தாக நிறைவு செய்தால் அது உமது விருப்பம், உமக்குச் சிரமம் தர நான் நாடவில்லை என்று தந்தை நிபந்தனையைத் தெளிவாக முன்வைத்தார். அதற்குப் பகரமாகத் தம் மகளுள் ஒருவரை மணமுடித்துத் தருவதாகவும் கூறினார். மூஸா (அலை) அவர்களும் இரு தவணைகளில் எதை நிறைவேற்றினாலும் தம்மீது மேலதிகமாக எதுவும் சுமத்தப்படக் கூடாது என்று பேசி, அல்லாஹ்வைச் சாட்சியாக்கினார்கள். வறுமையில் இருந்தபோதும் அவர்கள் நிபந்தனை பேசத் தயங்கவில்லை. பேசி முடித்த பின், இரண்டில் நீண்ட தவணையையே நிறைவேற்றினார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் விளக்கியதாக புகாரியில் பதிவாகியுள்ளது.

எனவே ரிஸ்கு அல்லாஹ்வின் கையில் என்பது உண்மை. அதைத் தேடும் வாய் நம்முடையது என்பதும் உண்மை. ஒப்பந்தத்திற்கு முன் பேசுவது பேராசையன்று. பேசாதிருந்து பின்னர் முணுமுணுப்பதே உள்ளத்தைக் கெடுக்கும்.

இனி, பேசும் முறையைக் கவனிப்போம்.

முதலாவது, உண்மை. வாங்காத சம்பளத்தை வாங்குவதாகச் சொல்வதும், சம்பளச் சிட்டையைத் திருத்திக் காட்டுவதும் மோசடியாகும். அதன் மேல் கட்டப்படும் ஒவ்வொரு மாத ஊதியத்திலும் அந்தப் பொய்யின் கறை படியும். பழைய தொகையைச் சொல்ல விருப்பமில்லையெனில், "இந்தப் பொறுப்புக்கு நான் எதிர்பார்ப்பது இவ்வளவு" என்று மரியாதையோடு கூறலாம். நபி யூஸுஃப் (அலை) அவர்கள் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, தாம் பேணிக் காப்பவர், அறிந்தவர் என்று தமது உண்மையான தகைமைகளையே எடுத்துரைத்தார்கள். நீங்களும் செய்த வேலையைச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாவது, இல்லாத போட்டியை உருவாக்காதீர்கள். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடும் "நஜ்ஷ்" முறையை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வேறு நிறுவனமும் அழைக்கிறது என்று பொய்யாகக் கூறி ஊதியத்தை உயர்த்துவதும் அதற்கு ஒப்பானதே.

மூன்றாவது, கைக்கு வரும் தொகையை மட்டும் பாராதீர்கள். நமது நாட்டுச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதியத்திற்குத் தொழிலாளி 8 வீதமும் தொழில் தருநர் 12 வீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்திற்குத் தொழில் தருநர் மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். ஆகவே அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, இந்நிதியங்களுக்குக் கணக்கெடுக்கப்படாத கொடுப்பனவு எவ்வளவு என்று கேளுங்கள். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் நிறைவு செய்த மாதச் சம்பள ஊழியருக்கு, ஒவ்வொரு வருடத்திற்கும் அரைமாதச் சம்பளம் உரித்தாகும். அவ்விளைஞரிடம் இதைச் சொன்னபோது திகைத்துப் போனார். நான்கு மாதம் முந்தி விலகினால் அவர் இழப்பது ஐந்து அரைமாதச் சம்பளங்கள், அதாவது 150,000 ரூபா!

நான்காவது, ஜும்ஆவுக்கான நேரத்தை முன்கூட்டியே பேசுங்கள். வேலையில் சேர்ந்த பின் வெள்ளிதோறும் ஒளிந்து செல்வதைவிட, முதல் நாளே கேட்டுப் பெறுவது கண்ணியம்.

ஐந்தாவது, பேசியதை நியமனக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். கடனை எழுதிக்கொள்ளப் பணித்த மார்க்கம் நமது மார்க்கம். பழைய இடத்திலும் முன்னறிவித்தல் காலத்தை முழுமையாக நிறைவு செய்து, பொறுப்புகளை அமானிதமாக ஒப்படைத்து விடைபெறுங்கள்.

தொழில் தருநர்களாகிய சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலையை முழுமையாகப் பெற்றுக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். "குறை வைக்கமாட்டோம்" என்ற சொல்லோடு நிறுத்தாதீர்கள், தொகையைச் சொல்லுங்கள். வெட்கப்படுபவரின் வெட்கத்தை இலாபமாக்காதீர்கள்.

பெற்றோர்களே! பிள்ளை கேட்பதைத் தடுக்காதீர்கள். பொய் சொல்லிக் கேட்பதைத் தடுங்கள்.

அந்த இளைஞர் மீண்டும் வந்தார். 60,000 என்ற உண்மையையே சொன்னாராம். நான்கு மாத அவகாசம் கேட்டாராம், மறுத்துவிட்டார்கள். 75,000 தருவதாகக் கூறியபோது, தாம் இழக்கும் பணிக்கொடையை எடுத்துக் காட்டினாராம். 80,000ஆக எழுதிக் கொடுத்தார்கள். இழப்பு ஏழரை மாதத்தில் ஈடாகும் என்று கணக்குப் பார்த்து ஒப்பமிட்டார். "ஒரு இலட்சம் கிடைக்கவில்லை ஹஸ்ரத், ஆனால் யாராவது பழைய அலுவலகத்திற்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டுவிடுவார்களோ என்ற பயமும் இல்லை" என்றார். அந்த அச்சமற்ற உறக்கமும் பரக்கத்தின் ஒரு பகுதியே.

வல்ல அல்லாஹ் நமது உழைப்பையும் ஊதியத்தையும் ஹலாலானதாக ஆக்கி, அவற்றில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.