சொன்ன விஷயமும் சொன்ன விதமும்

(கிளைக் கூட்டம் ஒன்றில் உறுப்பினர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பிறர் நம்மைக் குறை சொல்லும்போது அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். தலைப்பைக் கேட்டவுடன், உத்தியோகத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் வரும் அப்ரைசல் ஞாபகத்துக்கு வரும். மாமிகளுக்கு, இலையில் உட்கார்ந்தபடி "சாம்பாரில் உப்பு தூக்கல்" என்று வரும் விமர்சனம் ஞாபகத்துக்கு வரும். நம் நவராத்திரி விழாவுக்கு ஓடியாடி வேலை செய்த வாலண்டியர்களுக்கோ இந்தத் தலைப்பை நான் விளக்கவே வேண்டாம்!

யார் குறை சொன்னாலும் அதில் இரண்டு சமாசாரங்கள் சேர்ந்தே வருகின்றன. ஒன்று, சொன்ன விஷயம். இன்னொன்று, சொன்ன விதம். நமக்கு முதலில் சுருக்கென்று தைப்பது சொன்ன விதம்தான். அந்தக் கோபத்தில் விஷயம் காதிலேயே விழுவதில்லை. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் வளர்கிறார். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். நமக்கெல்லாம் பெயர் தெரிந்த இரண்டு பேருடைய வாழ்க்கையை வைத்து இதைச் சொல்கிறேன்.

முதலாமவர் கணித மேதை ராமானுஜன். சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது, 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். நிரூபணங்கள் மட்டும் இல்லை. ஹார்டி பிரமித்துப் போனார். ஆனாலும், "நிரூபணங்களை அனுப்புங்கள்" என்று கேட்டார். பகா எண்களைப் பற்றி ராமானுஜன் கண்டதாக நினைத்த சில முடிவுகள் தவறானவை என்பதும் தெரியவந்தது. பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்ட ஒருவருக்கு இது சுலபமாக ஜீரணமாகிற விஷயமில்லை.

ராமானுஜன் 1914-ல் கேம்பிரிட்ஜ் போனார். அடுத்த வருஷமே முறையான நிரூபணங்களுடன் ஒரு நீண்ட கட்டுரையை வெளியிட்டார். 1916-ல் அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டமும், 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவியும் வந்தன. தன்னுடைய உள்ளுணர்வை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அதோடு நிரூபணத்தையும் சேர்த்துக்கொண்டார். ஹார்டியும், இவரை ஒரேயடியாகப் பாடப்புத்தக வழிக்கு இழுத்தால் இயல்பான சக்தி மங்கிவிடுமே என்று ஜாக்கிரதையாகத்தான் சொல்லிக்கொடுத்தார்.

இங்கே விமர்சனமும் சரி, சொன்னவருடைய மனசும் நல்லது. இரண்டாமவருக்கு இந்த பாக்கியம் கிடைக்கவில்லை.

அவர் சுப்ரமண்யன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1930-ல் பத்தொன்பது வயதில் மேல்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பிரயாணத்தின்போதே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தார். எரிபொருள் தீர்ந்துபோன நட்சத்திரங்களில் பல, சுருங்கி 'வெள்ளைக் குள்ளன்' என்ற நிலைக்கு வருகின்றன. ஆனால் அந்த நிலைக்கு ஓர் எடை வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் அந்த நட்சத்திரம் அப்படி நிலைத்திருக்க முடியாது என்று கணக்கு சொல்லிற்று. அந்த வரம்பு சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு.

1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் சங்கக் கூட்டத்தில் இதை விவரித்தார். அடுத்துப் பேச எழுந்தவர் எடிங்டன். 1919 சூரிய கிரகணத்தின்போது ஐன்ஸ்டீன் கொள்கையைச் சோதிக்க ஆப்பிரிக்கா வரை போய்வந்த உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி. அதற்கு முன் பல மாதங்களாகச் சந்திரசேகரின் அறைக்கே வந்து, வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று விசாரித்து வந்தவரும் அவரே. அப்போதெல்லாம் மறுப்பு எதுவும் சொல்லாதவர், அன்று சபை நடுவில் அந்த முடிவைக் கேலி செய்தார். சபை சிரித்தது. சந்திரசேகருக்கு வயது இருபத்துநான்கு.

அவர் என்ன செய்தார் என்று வரிசையாகப் பாருங்கள்.

முதலில், தன் கணக்கு சரிதானா என்று விஷயம் தெரிந்த மற்றவர்களிடம் கேட்டார். போர், பௌலி போன்ற பெரிய பௌதிக விஞ்ஞானிகளுக்கு நண்பர் மூலம் விஷயம் போயிற்று. தவறு எடிங்டனுடையதே என்று தனிப்பட்ட முறையில் பதில் வந்தது. பகிரங்கமாகச் சொல்லத்தான் யாரும் முன்வரவில்லை.

இரண்டாவது, மேடைக்கு மேடை சண்டை போட்டுக்கொண்டிருக்கவில்லை. அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தன் முடிவை முழுமையாக ஒரு புத்தகத்தில் எழுதி 1939-ல் வெளியிட்டார். பிறகு அடுத்த துறைக்குப் போனார். சில வருஷங்கள் ஒரு துறையில் ஆழ்ந்து உழைத்து, அதைப் புத்தகமாக எழுதிவிட்டு வேறு துறைக்குப் போவதே அவருடைய வாழ்நாள் வழக்கமாயிற்று.

மூன்றாவதுதான் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது. எடிங்டனுடன் உறவை முறித்துக்கொள்ளவில்லை. கடிதப் போக்குவரத்து தொடர்ந்தது. 1944-ல் எடிங்டன் காலமானார். அவருடைய நூற்றாண்டை ஒட்டி 1982-ல் கேம்பிரிட்ஜில் நினைவுச் சொற்பொழிவு ஆற்றியவர் சந்திரசேகர். தம் காலத்து வான்பௌதிக விஞ்ஞானிகளில் மிகச் சிறந்தவர் எடிங்டன் என்று மனமாரச் சொன்னார். பழைய தகராறையும் மறைக்காமல் சொன்னார். அடுத்த வருஷம், 1983-ல், நோபல் பரிசு வந்தது.

இந்த இருவரிடமிருந்து வீட்டுக்கும் ஆபீசுக்கும் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

யாராவது குறை சொன்னால் உடனே பதில் சொல்லாதீர்கள். ஒரு ராத்திரி போகட்டும். காலையில் ஒரு காகிதத்தில், சொன்னவர் பெயரையும் அவருடைய குரலையும் விட்டுவிட்டு, விஷயத்தை மட்டும் ஒரு வரியில் எழுதுங்கள். "உனக்குப் பொறுப்பே இல்லை" என்று மேலதிகாரி கத்தியிருக்கலாம். விஷயம், "அறிக்கை இரண்டு நாள் தாமதம்" என்பதாக இருக்கும். முன்னதற்கு மருந்து கிடையாது, பின்னதற்கு உண்டு. அது நிஜமா என்பதை, நம்மைத் தாஜா செய்யாத ஒருவரிடம் கேளுங்கள். நிஜமென்றால் ராமானுஜன் வழி: திருத்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சந்திரசேகர் வழி: உங்கள் தரப்பை ஒருமுறை தெளிவாகப் பதிவு செய்துவிட்டு, வேலையைத் தொடருங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. நானும் அந்த வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கண்டித்துச் சொல்ல ஆள் இல்லாத அரசனைக் கெடுக்க எதிரியே தேவையில்லை என்பது வள்ளுவர் கருத்து. ஆகவே குறையைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எடிங்டன் போன்ற ஒரு மகான் சிரித்ததால், சரியான ஒரு முடிவு உலகத்தில் வேரூன்றப் பல வருஷங்கள் பிடித்தன. நம் வீட்டில் ஒரு பையனோ பெண்ணோ புதிதாக ஏதாவது சொல்லும்போது, நாலு பேர் நடுவில் நாம் சிரிக்கும் சிரிப்பு என்ன செய்யும் என்று யோசிக்க வேண்டும். எல்லாக் குழந்தைகளும் சந்திரசேகர் மாதிரி தாங்கிக்கொள்ளாது. குறையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பாராட்டைச் சபையில் சொல்லுங்கள். யாரையாவது அநியாயமாகக் குறை சொல்வதைக் கேட்டால், பிறகு ரகசியமாக ஆறுதல் சொல்வதோடு நிற்காமல், அங்கேயே வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இந்தப் பேச்சில் குறை இருந்தால் தயங்காமல் என்னிடம் சொல்லலாம். பதில் மட்டும் நாளைக் காலையில்தான்!