தள்ளிப்போட்ட கனவு



நீண்ட நாள் கனவை வயதான பிறகு தொடர்வது சாதனையா, சங்கடமா? இதுதான் தலைப்பு. சாதனையே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் என்ன சொன்னார்? "சின்ன வயசுன்னா பள்ளிக்கூடம், வயசானா ஆஸ்பத்திரி. இடம் மாறிப் போகக்கூடாது" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள்.

ஐயா, நான் திருமுக்கூடல்காரன். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற ஊர். எங்கள் ஊர் வெங்கடேசப் பெருமாள் கோயிலுக்கு வந்து பாருங்கள். 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. மாணவர்கள் படிக்க ஒரு கல்விச்சாலை, அவர்கள் தங்க ஒரு விடுதி, கூடவே 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை. எல்லாம் ஒரே கோயிலில், ஒரே கல்வெட்டில்! பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் சோழன் சேர்த்துத்தான் வைத்தான். நம்ம நண்பர்தான் நடுவிலே அறுபது வருஷத்தைக் கொண்டுவந்து போடுகிறார்! (சிரிப்பு, கைதட்டல்)

வயசானா மூளை ஏத்துக்காது என்றார்கள். கேரளத்தில், ஆலப்புழை மாவட்டத்தில் கார்த்தியாயினி அம்மா என்று ஒருவர் இருந்தார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். 2018இல் எழுத்தறிவுத் தேர்வு எழுதினார். அப்போது அவருக்கு வயது 96. வாங்கிய மார்க் எவ்வளவு தெரியுமா? நூற்றுக்கு 98! 2020இல் குடியரசுத் தலைவர் கையால் நாரி சக்தி விருது வாங்கினார். 101 வயது வரை வாழ்ந்து 2023இல்தான் மறைந்தார்.

தமிழுக்கு வருவோம். ஜி.யு. போப் 1839இல் பத்தொன்பது வயது இளைஞராக இங்கே வந்தவர். திருக்குறள் ஆங்கிலத்தில் வெளிவந்தபோது அவருக்கு வயது 66. திருவாசகம் பாக்கி இருந்தது. ஆக்ஸ்போர்டில் ஒரு நிலா இரவு. நண்பர் ஜோவெட் அதை வெளியிடச் சொல்கிறார். போப் தயங்குகிறார்: வேலை நீளும், ஆயுள் யார் கையில்? ஜோவெட் தோளைத் தொட்டுச் சொன்னாராம், பெரிய வேலை ஒன்றைக் கையில் எடுத்தால் அதுவே ஆயுளை வளர்க்கும், முடிக்கும் வரை இருப்பீர்கள் என்று. இதைப் போப்பே முன்னுரையில் எழுதியிருக்கிறார். 1900இல் நூல் வந்தது. அவருக்கு வயது 80. அதற்குப் பிறகும் எட்டு வருஷம் போல இருந்தார்! (கைதட்டல்)

எல்லாம் சரி, வீட்டில் இருப்பவர்களுக்குத் தொல்லைதானே என்று அந்த அம்மையார் கேட்டார். நியாயமான கேள்வி. நான் திருப்பிக் கேட்கிறேன். கனவைத் தள்ளிப்போட்டார்கள், தள்ளிப்போட்டார்கள் என்கிறோமே, யாருக்காக ஐயா தள்ளிப்போட்டார்கள்?

என் அம்மாவுக்கு ஒரே ஓர் ஆசை. எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும். பெரிய புத்தகம் இல்லை. காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் எவரையும் கேட்காமல் போர்டைப் பார்த்து பஸ் ஏற வேண்டும், அவ்வளவுதான். 1992 என்று நினைவு. அறிவொளி இயக்கம் நடந்த நேரம். பக்கத்துத் தெருவில் ராத்திரி வகுப்பு. அம்மா சிலேட்டோடு கிளம்பி நிற்கிறாள். எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்த நான் சொன்னேன்: "இந்த வயசுல பலப்பம் புடிச்சு என்னம்மா பண்ணப் போறே? அதான் நான் படிக்கிறேனே."

அம்மா ஒன்றும் பேசவில்லை. சிலேட்டைப் பரணில் வைத்துவிட்டாள். அப்போது அவளுக்கு வயது 45தான். நாற்று நட்ட கூலியில் எனக்குப் பணம் கட்டினாள். நான் டாக்டர் பட்டம் வாங்கினேன். ஊர் ஊராகப் போய்த் தமிழ் பேசினேன். பெற்றவளுக்கு ஓர் 'அ' சொல்லிக்கொடுக்கவில்லை ஐயா.

2020இல் கொரோனா. பள்ளிக்கூடம் எல்லாம் பூட்டு. வீட்டில் இருந்த என் மகள், பாட்டிக்கு வாத்தியார் ஆனாள். எனக்குத் தெரியாமலே நடந்திருக்கிறது. மறுபடி பஸ் ஓட ஆரம்பித்த பிறகு ஒருநாள் காஞ்சிபுரம் போய்விட்டுத் திரும்புகிறோம். ஒரு பஸ் வந்தது. அவசரமாக ஏறப் போனேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். போர்டைப் பார்த்து, "உத்...தி...ர...மே...ரூர். டேய், இது நம்ம பஸ் இல்லடா!" (கைதட்டல்)

ஏறப் போனது யார்? முனைவர் பட்டம் வாங்கிய நான்! தடுத்தது யார்? 73 வயதில் படிக்கத் தெரிந்துகொண்டவள்! எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் கணக்குப் போட்டேன். இருபத்தெட்டு வருஷம்! அதைத் தின்றது வயது இல்லை. என் ஒரே ஒரு வாக்கியம்.

நடுவர் அவர்களே! ஓட்டப் பந்தயத்தில் ஓட அறுபதில் முடியாதுதான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பது மெடல் இல்லை. நமக்காகத் தள்ளிப்போட்டதைத்தான் திருப்பிக் கேட்கிறார்கள். அது அவர்கள் நமக்குக் கொடுத்த கடன். கடனைத் திருப்பிக் கொடுப்பதற்குத் தொல்லை என்றா பெயர்?

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு கேள்வி கேளுங்கள். "அம்மா, சின்ன வயசுல உனக்கு என்ன ஆசை இருந்தது?" பதில் வந்தால், "இனிமே எதுக்கு?" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லிப் பார்த்தவன்.